நாற்பது வயதில் முதல் டெஸ்ட்: புச்சிபாபுவின் கடைசி மகன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல மூன்று பேரும் நரசிம்மர் மலையைச் சுற்றி வந்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோவிலில் மூலவரின் கருவறை குன்றைக் குடைந்தே அமைந்தது. சுவாமியைத் தனியாக வலம் வர முடியாது. வலம் வர வேண்டுமென்றால் அந்தச் சின்ன மலையையே சுற்றியாக வேண்டும். எங்களுக்கு அதுவே கோவில், அதுவே வாக்கிங்.

பேச்சு கிரிக்கெட் பக்கம் போயிற்று. ரயில்வேயில் ஓய்வு பெற்ற நண்பர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "முப்பத்தாறு, முப்பத்தேழு ஆயிடுச்சுன்னா மரியாதையா ஒதுங்கிக்கணும் சார். பந்து கண்ணுக்கே தெரியாது" என்றார். "நம்ம மெட்ராஸ்காரர் ஒருத்தர் நாற்பது வயசுலதான் முதல் டெஸ்ட்டே ஆடினார், தெரியுமா?" என்றேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. தலைமையாசிரியராக இருந்தவர் மட்டும், "பேரைச் சொல்லுங்க, பார்ப்போம்" என்றார்.

சி. ராமசாமி என்றேன். இருவருக்கும் தெரியவில்லை. "புச்சிபாபு டோர்னமென்ட் தெரியுமா?" என்று கேட்டேன். அது தெரிந்திருந்தது. "அந்தப் புச்சிபாபுவோட கடைசிப் பிள்ளை" என்றேன். அன்றைக்கு டீ ஆறும்வரை சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன். இந்த மனிதரின் கதையில் கிரிக்கெட் பாதிதான். மீதிப் பாதி நம் வயதுக்காரர்களுக்கானது.

முதலில் அப்பாவைப் பற்றி.

புச்சிபாபு என்பது செல்லப் பெயர். முழுப்பெயர் மொதவரப்பு வெங்கட மகிபதி நாயுடு. 1868-ல் பிறந்தவர். பாரி கம்பெனிக்கு துபாஷாக இருந்த வசதியான குடும்பம். துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று காரியம் முடித்துக் கொடுப்பவர். மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் பெரிய தோட்ட வீடு. வீட்டு வளாகத்திலேயே விளையாட இடம் இருந்தது. குதிரை, டென்னிஸ், கிரிக்கெட் என்று இங்கிலீஷ்காரர்கள் பழகியதெல்லாம் அவருக்கும் பழக்கமாயிற்று.

அந்தக் காலத்தில் சென்னையில் கிரிக்கெட் என்றால் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்தான். சுருக்கமாக எம்.சி.சி. (எங்கள் பக்கம் எம்.சி.சி. என்றால் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி. இது அந்த எம்.சி.சி. அல்ல.) 1846-ல் தொடங்கிய அந்தக் கிளப்புக்குச் சேப்பாக்கத்தில் மைதானமும் பெவிலியனும் இருந்தன. வெள்ளைக்காரர்களோடு விளையாட இந்தியர்களைக் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு நேரம் வந்தால் அவர்கள் பெவிலியனுக்குள் போவார்கள். நம்மவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். காலையில் ஒரே பிட்ச்சில் பந்து போட்டவர்கள்தான். சாப்பாடு என்று வந்தால் நடுவில் ஒரு கோடு.

இதைப் பார்த்துப் புச்சிபாபு மனம் நொந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. சண்டையும் போடவில்லை. 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று இந்தியர்களுக்காகவே ஒரு கிளப் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபது. எஸ்பிளனேடு மைதானத்தில் இடம் பிடித்து, பையன்களைத் தேடிப் பிடித்து, மட்டை, கால்காப்பு, உடை எல்லாம் தன் செலவில் வாங்கிக் கொடுத்து ஆட வைத்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளை மட்டும் சேர்த்திருந்தால் அது இன்னொரு பொழுதுபோக்குக் கிளப்பாகப் போயிருக்கும். கையில் காசில்லாத பையன்களும் வெள்ளை உடை போட்டு ஆடினார்கள் என்பதால்தான் அவரைத் தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்கிறார்கள்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை மிச்சமிருந்தது. இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் சமமான இரு அணிகளாகச் சேப்பாக்கத்தில் மோத வேண்டும். எம்.சி.சி.யில் பார்ட்ரிட்ஜ் என்பவரோடு பேசி அதற்கு ஏற்பாடும் செய்துவிட்டார். 1908 டிசம்பர் கடைசியில் ஆட்டம். டிசம்பர் 19-ஆம் தேதி புச்சிபாபு இறந்துபோனார். வயது நாற்பது.

ஆட்டம் நின்றுபோகவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து பி. சுப்பிரமணியம் போன்றவர்கள் கிளப்பை எடுத்து நடத்தினார்கள். அந்த ஆட்டமே பின்னால் பிரசிடென்சி மேட்ச் ஆகி, பொங்கல் சமயத்தில் ஆண்டுதோறும் நடந்தது. 1916 முதல் அது முதல்தர ஆட்டம் என்ற தகுதியும் பெற்றது. சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். 1975 பொங்கலுக்கு விஸ்வநாத் 97 அடித்ததைப் பார்க்க நான் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போனேன். கரும்பும் கிரிக்கெட்டும் ஒன்றாக வருவது எப்படி ஏற்பட்டது என்று அப்போது யோசித்ததில்லை. அதன் வேர் இந்த மனிதரில் இருக்கிறது.

இனி பிள்ளைகள்.

புச்சிபாபுவின் பிள்ளைகள் வெங்கட்ராமானுஜுலு, பாலையா, ராமசாமி ஆகியோர் எல்லோருமே கிரிக்கெட் ஆடினார்கள். வேறெப்படி இருக்கும்? வீட்டுவாசலைத் தாண்டினால் பிட்ச். மாலையில் ஊரின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். சங்கீத வித்வான் வீட்டுக் குழந்தைக்கு ஸ்ருதி காதில் ஏறுவது மாதிரி இவர்களுக்குப் பந்தின் ஓசை ஏறியது. ராமசாமி கடைக்குட்டி. 1896 ஜூன் 16-ல் பிறந்தவர். அவரைத் தாய்வழித் தாத்தா சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அதனால்தான் அண்ணன்மார் பெயருக்கு முன்னால் மொதவரப்பின் 'எம்', இவர் பெயருக்கு முன்னால் கோட்டா என்ற குடும்பப் பெயரின் 'சி'. அண்ணன் தம்பி என்று தெரியாமல் ஸ்கோர் அட்டையைப் பார்ப்பவர்கள் மூன்று பேரையும் வேறு வேறு குடும்பம் என்றே நினைப்பார்கள்.

அப்பா போனபோது ராமசாமிக்கு வயது பன்னிரண்டு. அந்த வயதில் அப்பாவை இழந்த பையன்களை நாம் பார்த்திருக்கிறோம். சிலர் அப்பா செய்ததை அப்படியே வெறுத்துவிடுவார்கள். சிலர் அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்வார்கள். ராமசாமி இரண்டாவது வகை. பிரசிடென்சி கல்லூரியில் படித்தார். இடதுகை ஆட்டக்காரர், தடுத்து நின்று பழகியவர் இல்லை, அடித்து ஆடியே பழகியவர். பிறகு மேற்படிப்புக்குக் கேம்பிரிட்ஜ் போனார்.

அங்கே அவருக்குக் கைகொடுத்தது கிரிக்கெட் அல்ல, டென்னிஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 'ப்ளூ' என்ற கௌரவத்தை டென்னிஸில்தான் வாங்கினார். டேவிஸ் கோப்பையில் இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்டது 1921-ல். அடுத்த ஆண்டே, 1922-ல், ராமசாமி இந்திய அணியில் இருந்தார். அந்த ஆண்டு இந்தியா ருமேனியாவை வென்றது, அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் தோற்றது. பின்னாளில் இந்த ஊரிலிருந்து ராமநாதன் கிருஷ்ணன், அமிர்தராஜ் சகோதரர்கள், ரமேஷ் கிருஷ்ணன் எல்லோரும் டேவிஸ் கோப்பை ஆடினார்கள், நாமும் ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்டோம். அவர்களுக்கெல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் அந்த வழியில் போய் வந்தவர் இவர்.

படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பினார். சென்னை மாகாண விவசாயத் துறையில் வேலை.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் நல்ல வயது எது? இருபது முதல் முப்பத்தைந்து என்று வைத்துக்கொள்வோம். ராமசாமிக்கு அது 1916 முதல் 1931 வரை. இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1932 ஜூனில், லார்ட்ஸில். அன்றைக்கு ராமசாமிக்கு முப்பத்தாறு. அதாவது அவருடைய நல்ல ஆண்டுகள் அத்தனையும் முடிந்த பிறகுதான் அவருடைய நாட்டுக்கு டெஸ்ட் என்ற ஒன்றே வந்தது. ரஞ்சி கோப்பை வந்தது அதற்கும் பிறகு, 1934-ல். அதுவரை சென்னைக்காரர் ஒருவருக்குப் பெரிய ஆட்டம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கு வரும் பிரசிடென்சி மேட்ச்தான். அப்பா ஏற்பாடு செய்துவிட்டுப் பார்க்காமல் போன அதே ஆட்டம். மற்ற மாதங்களில் ஆபீஸ், ஃபைல், கிளப் ஆட்டம்.

நம்மில் பலருக்கு இது புரியும். ஆர்டர் வரும்போது வயது தாண்டியிருக்கும். பிரமோஷன் வரும்போது ரிட்டயர்மெண்டுக்கு ஆறு மாதம் இருக்கும். குற்றம் யாருடையதும் அல்ல, காலம் கொஞ்சம் தள்ளி வந்துவிட்டது. அப்போது மனிதர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வார்கள். இனி எதற்கு என்று மட்டையைப் பரணில் போடுபவர்கள் ஒரு வகை. ஆர்டர் வராவிட்டாலும் வேலையைச் செய்துகொண்டே இருப்பவர்கள் இன்னொரு வகை. ராமசாமி டெஸ்ட் வரும் என்று காத்திருந்து ஆடியவர் அல்ல. ஆட்டம் பிடித்திருந்தது, ஆடினார். அதனால் ஆர்டர் வந்த அன்றைக்கு அவர் கையில் மட்டை இருந்தது.

1936-ல் இந்திய அணி இங்கிலாந்து போயிற்று. அந்தப் பயணத்தின் அரசியலைப் பற்றியே ஒரு தனிப் பதிவு எழுதலாம். விஜயநகரம் மகாராஜ்குமார், எல்லோரும் 'விஜி' என்று சொன்னவர், ஆட்டத் திறமையைவிடச் செல்வாக்கால் கேப்டன் ஆனார். அணியின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான லாலா அமர்நாத்தை, ஒழுங்கு மீறினார் என்று முதல் டெஸ்ட்டுக்கு முன்பே கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அணிக்குள் கோஷ்டி. இந்தக் கலாட்டாவுக்கு நடுவில் நம் மாகாணத்திலிருந்து போனவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் ராமசாமி. இன்னொருவர் எம்.ஜே. கோபாலன். கோபாலன் எங்கள் செங்கல்பட்டு ஜில்லா மொறப்பாக்கத்தில் பிறந்தவர் என்பதால் அவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் நாட்டுக்காக ஆடியவர். அதே 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் இருந்தது. ஹாக்கி அணியோடு பெர்லின் போவதா, கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போவதா என்ற நிலையில் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். தியான் சந்த் தலைமையில் ஹாக்கி அணி தங்கம் வென்று திரும்பியது. இங்கிலாந்து போன கோபாலனுக்கு அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. இளைஞராகப் போனவருக்கு இடமில்லை, நாற்பது வயதில் போனவருக்கு இடம் கிடைத்தது. ஒரே கப்பலில் போன இரண்டு பேர் தலையில் எழுத்து எப்படி மாறியது பாருங்கள்.

முதல் டெஸ்ட் லார்ட்ஸில். இந்தியா ஒன்பது விக்கெட்டில் தோற்றது. ராமசாமி அதில் ஆடவில்லை. இரண்டாவது டெஸ்ட் மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டில், ஜூலை 25-ஆம் தேதி தொடங்கியது. நாற்பது வயதும் ஒரு மாதமும் ஆன ராமசாமி அன்றைக்குத்தான் முதல் டெஸ்ட் ஆட இறங்கினார். அந்த வயதில் இப்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் மைக்கைப் பிடித்து வர்ணனை செய்யப் போய்விடுகிறார்கள்.

முதல் இன்னிங்ஸில் இந்தியா 203-க்கு ஆல் அவுட். அதில் ராமசாமியின் பங்கு 40. பிறகு இங்கிலாந்து ஆடியது. வாலி ஹாமண்ட் 167 அடித்தார். எட்டு விக்கெட்டுக்கு 571 என்று டிக்ளேர் செய்தார்கள். இந்தியா 368 ரன் பின்தங்கியிருந்தது. தோல்வி நிச்சயம் என்று எல்லோரும் நினைத்த இடத்தில் விஜய் மெர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் இறங்கினார்கள். அன்று மாலை ஆட்டம் முடியும்போது விக்கெட் இழப்பின்றி 190. அந்த இரண்டாம் நாளில் இரு அணிகளும் சேர்ந்து அடித்தது 588 ரன். டெஸ்ட் வரலாற்றில் ஒரே நாளில் அதிக ரன் என்ற சாதனை அதுதான்.

ஆனால் 190 என்பது இன்னும் 178 ரன் பின்னால் இருப்பதுதான். மூன்றாம் நாள் காலை விக்கெட்டுகள் சரிந்திருந்தால் முந்தைய நாள் சாகசம் வெறும் கதையாகப் போயிருக்கும். 203-ல் முதல் ஜோடி பிரிந்தது. முஷ்டாக் 112, மெர்ச்சன்ட் 114. அதற்குப் பிறகு நின்றவர்களில் ஒருவர் ராமசாமி. 60 ரன். இந்தியா ஐந்து விக்கெட்டுக்கு 390 எடுத்தது, ஆட்டம் டிராவில் முடிந்தது. மெர்ச்சன்ட், முஷ்டாக் ஜோடியைப் பற்றி எழுதாத கிரிக்கெட் புத்தகம் இல்லை, அது நியாயம்தான். மறுநாள் காலை அவர்கள் கட்டிய சுவர் இடியாமல் முட்டுக் கொடுத்த நாற்பது வயது விவசாயத் துறை அதிகாரியைப் பற்றி இரண்டு வரி போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது டெஸ்ட் ஓவலில். ஹாமண்ட் இரட்டைச் சதம் அடித்தார். இந்தியா ஃபாலோ ஆன் ஆகி ஒன்பது விக்கெட்டில் தோற்றது. ராமசாமி முதல் இன்னிங்ஸில் 29, இரண்டாவதில் 41. அந்த 41-ல் அவர் ஆட்டமிழக்கவில்லை. அதாவது டெஸ்ட் கிரிக்கெட்டில் அவர் கடைசியாக ஆடிய இன்னிங்ஸில் அவரை யாரும் அவுட் ஆக்கவில்லை.

இரண்டு டெஸ்ட், நான்கு இன்னிங்ஸ், 170 ரன், சராசரி 56.66. நான்கு இன்னிங்ஸை வைத்து ஒருவரை மேதை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நான்கிலும் ஒரு தடவைகூட அவர் சொற்ப ரன்னில் திரும்பவில்லை. இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது, நடுவில் யுத்தம் வந்து போய், 1946-ல். அப்போது அவருக்கு ஐம்பது. இந்தியாவுக்காக அவரைவிட அதிக வயதில் முதல் டெஸ்ட் ஆடியவர் ஒரே ஒருவர்தான், 1933-ல் பம்பாயில் ஆடிய ருஸ்தம்ஜி ஜம்ஷெட்ஜி. டீக்கடையில் நான் அடித்துச் சொன்னதற்கு ஆதாரம் இவ்வளவு.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? அப்பா இறந்தது நாற்பது வயதில். பிள்ளை டெஸ்ட் ஆடியது நாற்பது வயதில். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று ஒரு கிளப்பைத் தொடங்கினவரின் மகன், அப்பாவின் ஆயுள் முடிந்த அதே வயதில், இங்கிலாந்து பெவிலியனின் படியில் இறங்கி மைதானத்துக்குள் போனார். அவர் மனத்தில் அன்று என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்ட அன்று ராத்திரி நான் வெகுநேரம் தூங்கவில்லை.

பிறகும் அவர் ஆட்டத்தை விடவில்லை. தேர்வுக் குழுவில் இருந்தார். 1953-ல் விஜய் ஹசாரே தலைமையில் இந்திய அணி முதன்முதலாக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனபோது மேனேஜராகப் போனவர் இவர். ஐந்து டெஸ்ட்டில் நான்கு டிரா, ஒன்றில் மட்டும் தோல்வி. தன் நினைவுகளை 'ராம்ப்ளிங்ஸ் ஆஃப் எ கேம்ஸ் அடிக்ட்' என்ற பெயரில் ஆங்கிலப் புத்தகமாக எழுதினார். ஆட்டத்துக்கு அடிமையானவனின் பிதற்றல் என்று தன்னையே கேலி செய்துகொள்ளும் தலைப்பு. எனக்கு அந்தத் தலைப்பு பிடிக்கும். பென்ஷன் வாங்கிக்கொண்டு பதிவு எழுதும் நாங்கள் எல்லோரும் செய்வது வேறென்ன?

தலைமையாசிரியர் நண்பர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "பங்களாவுக்குள்ளயே கிரவுண்டு வச்சிருந்தவர் பிள்ளை விளையாடினதுல என்ன அதிசயம்? நம்ம பசங்களுக்கு ஏரிக்கரைதானே?"

உண்மைதான். சென்னையில் விளையாட்டு குடும்பம் குடும்பமாகத்தான் வந்திருக்கிறது. ஏ.ஜி. ராம்சிங் பெரிய ஆட்டக்காரர், டெஸ்ட் ஆடக் கொடுத்து வைக்கவில்லை. அவர் பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார்கள். கிருபால் தன் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார். டி.கே. ராமநாதன் டென்னிஸ் ஆடினார், மகன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதி வரை இரண்டு முறை போனார், பேரன் ரமேஷ் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். வீட்டில் மட்டை கிடந்தால் பிள்ளை எடுத்து ஆடும். மட்டை இல்லாத வீட்டுப் பிள்ளை தென்னமட்டையை வெட்டிக்கொண்டு வரும். அதே சமயம், மொறப்பாக்கத்துக் கோபாலனும் மாமண்டூரில் பிறந்து டெஸ்ட்டில் வேகப்பந்து வீசிய ரங்காச்சாரியும் பங்களா பிள்ளைகள் அல்ல. அவர்கள் மேலே வரச் சென்னையில் ஒரு கிரிக்கெட் இருந்தது என்றால், அந்தப் பாதையைப் போட்டவர்களில் முதல் ஆள் புச்சிபாபு. வீட்டு மைதானத்தின் கதவைத் தன் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்து வைத்திருந்தால் இன்றைக்கு அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. இதைச் சொன்னதும் நண்பர் சரி என்று ஒப்புக்கொண்டார்.

இனி கடைசிப் பகுதி. டீக்கடையில் இதை நான் முழுதாகச் சொல்லவில்லை.

1985 அக்டோபர் 15. ராமசாமிக்கு வயது எண்பத்தொன்பது. அடையாறில் இருந்த வீட்டைவிட்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. உலகக் கிரிக்கெட்டின் பஞ்சாங்கம் என்று சொல்லத்தக்க விஸ்டன் ஆண்டு மலரில் இறந்த தேதி போட வழியில்லாமல், இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று போட வேண்டியதாயிற்று. பிறந்த தேதி துல்லியமாக இருக்கிறது. முதல் டெஸ்ட் தொடங்கிய தேதி இருக்கிறது. அடித்த ஒவ்வொரு ரன்னும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இறந்த தேதியை எழுத வேண்டிய கட்டத்தில் நிச்சயமாக எதுவும் இல்லை.

இதை முதன்முதலில் படித்தபோது என் கை நடுங்கியது. காரணம் இருக்கிறது.

1996 மார்ச் 9, சனிக்கிழமை. உலகக் கோப்பைக் கால் இறுதி, பெங்களூரில் இந்தியாவும் பாகிஸ்தானும். பகலிரவு ஆட்டம். அக்கம்பக்கத்து வீட்டார் எல்லோரும் எங்கள் வீட்டு டிவி முன்னால். என் அப்பாவுக்கு அப்போது எண்பத்திரண்டு. நினைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பிக்கொண்டிருந்தது. வாசல் கதவைத் தாழ் போட்டு வைக்க வேண்டும் என்பது வீட்டில் எழுதாத சட்டம். அன்றைக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்ததால் கதவு திறந்தே கிடந்தது. சித்து ஆடிக்கொண்டிருந்தார். காபி கொடுக்கப் போன என் மனைவிதான் முதலில் கவனித்தாள். திண்ணையில் அப்பா இல்லை. செருப்பும் இல்லை.

மலையைச் சுற்றினோம். ஸ்டேஷனில் பார்த்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒருவர் செங்கல்பட்டுப் பக்கம், ஒருவர் மறைமலை நகர் பக்கம் என்று சைக்கிளில் போனோம். ஒவ்வொரு லாரியைப் பார்க்கும்போதும் வயிற்றைப் பிசைந்தது. வக்கார் யூனுஸை அஜய் ஜடேஜா விளாசியதை நாடே பார்த்தது. எங்கள் தெருவில் யாரும் பார்க்கவில்லை.

ராத்திரி பத்து மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் கிடைத்தார். பிளாட்பாரப் பெஞ்சில் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். டீ விற்கும் பையன் ஒருவன், பெரியவர் மதியத்திலிருந்து இங்கேயே இருக்கிறார் என்று சொல்லி அவருக்கு இரண்டு பன் வாங்கிக் கொடுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் அப்பா அடையாளம் கண்டுகொள்ளவில்லை. "எழும்பூர் வண்டி இன்னும் வரல தம்பி. ஆபீஸுக்கு நேரமாச்சு" என்றார். முப்பது வருஷம் எழும்பூர் ஆபீசுக்கு அந்த வழியாகப் போய் வந்தவர். கால்களுக்கு வழி மறக்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். வீட்டில், எங்கள் மடியில் போனார். தேதி இருக்கிறது, திதி இருக்கிறது, வருஷா வருஷம் செய்கிறேன். ராமசாமியின் குடும்பத்துக்கு அது கிடைக்கவில்லை. அவர் எந்த நினைவில், எதைத் தேடிப் போனார் என்று ஊகிக்க எனக்கு உரிமை இல்லை. எண்பத்தொன்பது வயதில் ஒருவர் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால், அவர் மனத்தில் அது எந்த வருஷம் என்று யார் சொல்ல முடியும்?

எனக்கும் எழுபத்தாறு முடிந்துவிட்டது. சட்டைப்பையில் பெயர், தெரு, மகனின் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டுதான் இப்போது மலையைச் சுற்றுகிறேன். ரயில்வே நண்பர் முதலில் சிரித்தார். போன ஞாயிறு இந்தக் கதையின் பாதியைக் கேட்ட பிறகு, டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, தன் பஸ் டிக்கெட்டின் பின்னால் அவரும் எழுதிக்கொண்டார்.

லஸ் வீட்டை, பழைய பொங்கல் பிரசிடென்சி மேட்ச்சை நேரில் பார்த்த பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், அல்லது உங்கள் அப்பா தாத்தா சொல்லக் கேட்டிருந்தால், எனக்குத் தெரிவியுங்கள். ராமசாமி மட்டை பிடித்து நின்றதைப் பார்த்த ஒரு கண்ணாவது எங்காவது மிச்சமிருந்தால் அவர் சொல்வதை எழுதி வைக்க ஆசை. கோபாலனைப் பற்றி அடுத்த பதிவில்.